ஹங்கர் கேம்ஸா மேஸ் ரன்னரா? பசங்களோட உக்காந்து முதல்ல எதைப் பாக்கலாம்

வீட்ல பன்னெண்டு, பதிமூணு வயசுல பசங்க இருக்குறவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது. கார்ட்டூன் படமெல்லாம் தாண்டியாச்சு, பெரியவங்க படத்துக்கு இன்னும் வயசு வரல, நடுவுல நிக்கிற அந்தப் பசங்களுக்குக் கொஞ்சம் திகிலா, முடிஞ்சதும் கொஞ்சம் யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு இங்கிலீஷ் படம் போடலாம்னு தேடினா ரெண்டு பேருதான் திரும்பத் திரும்ப வந்து நிக்கும். ஒண்ணு 2012ல வந்த ஹங்கர் கேம்ஸ், இன்னொண்ணு 2014ல வந்த மேஸ் ரன்னர். ரெண்டுமே டீனேஜ் பசங்களுக்குன்னு எழுதின நாவல்லேர்ந்து எடுத்தது, முதலாவது சூசன் காலின்ஸ் 2008ல எழுதினது, ரெண்டாவது ஜேம்ஸ் டேஷ்னர் 2009ல எழுதினது. ரெண்டுலயும் உலகம் கெட்டுப் போயிருக்கு, பெரியவங்க சின்னப் பசங்களை ஒரு இடத்துல அடைச்சு வெச்சுட்டு என்ன பண்றாங்கன்னு வேடிக்கை பாக்குறாங்க, உள்ள மாட்டினவங்க உயிரோட வெளிய வரணும். அமெரிக்காவுல ரெண்டுக்கும் ஒரே பிஜி-13 சர்டிபிகேட்தான், அதாவது பதிமூணு வயசுக்குக் கீழன்னா பெரியவங்க பாத்து முடிவு பண்ணணும்.

யாரைக் கேட்டாலும் ஒரே அட்வைஸ்தான் வரும். மேஸ் ரன்னர் போடுங்க, அது வெறும் அட்வெஞ்சர், ஹங்கர் கேம்ஸ் வேண்டாம், அதுல குழந்தைங்களே குழந்தைங்களைக் கொல்லுதுங்க, பசங்க மனசு கெட்டுடும். எனக்கு இதுல சுத்தமா உடன்பாடு இல்ல. ரெண்டையும் அண்ணன் பசங்களோட உக்காந்து பாத்தவன்ங்கிற முறையில சொல்றேன், ஒரே ஒரு படம்தான் பாக்கப் போறீங்க, கூட நீங்களும் உக்காந்து பாக்கப் போறீங்கன்னா ஹங்கர் கேம்ஸ்தான். மேஸ் ரன்னர் மட்டமான படம்னு சொல்ல வரல, அதுக்கும் ஒரு நேரம் இருக்கு, ஒரு வயசு இருக்கு, அதையும் சொல்றேன். இது படத்தைப் போடப் போற பெரியவங்களுக்காக எழுதுறது, அதனால யார் சாகுறாங்க எப்படி சாகுறாங்கன்னு ரெண்டு மூணு இடத்துல வெளிப்படையாவே சொல்லிடுவேன், அது தெரியாம முடிவு பண்ண முடியாது. படம் பாக்கப் போற பசங்க கையில இதைக் குடுத்துடாதீங்க.

முதல்ல ஹங்கர் கேம்ஸ். பானெம்னு ஒரு நாடு, நடுவுல கேபிடல்னு பணக்கார நகரம், சுத்தி 12 டிஸ்ட்ரிக்ட். ரொம்ப நாளைக்கு முன்னாடி டிஸ்ட்ரிக்ட்காரங்க எதிர்த்து எழுந்தாங்க, தோத்தாங்க, அதுக்குத் தண்டனையா வருஷா வருஷம் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்லேர்ந்தும் 12லேர்ந்து 18 வயசுக்குள்ள ஒரு பையன் ஒரு பொண்ணு, மொத்தம் 24 பேரைக் குலுக்கல்ல எடுத்து ஒரு காட்டுக்குள்ள விட்டு ஒருத்தர் மட்டும் மிஞ்சுற வரைக்கும் சண்டை போட வைப்பாங்க, அதை நாடு முழுக்க டிவில லைவா காட்டுவாங்க, எல்லாரும் பாத்தே ஆகணும். கேக்கவே கொடூரமாதான் இருக்கு. ஆனா படம் அந்தச் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்குது, என்னைப் பொறுத்தவரைக்கும் படத்தோட உயிரே அந்த ஒரு மணி நேரத்துலதான் இருக்கு.

அந்தக் குலுக்கல் சீனை மட்டும் எடுத்துக்கோங்க. டிஸ்ட்ரிக்ட் 12, நிலக்கரி சுரங்கத்து ஊரு, எல்லாமே சாம்பல் கலர்ல வெளுத்துப் போய் இருக்கும். பசங்க துவைச்சுப் போட்ட நல்ல டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க, ஒவ்வொருத்தர் விரல்லயும் ஊசியால குத்தி ரத்தத்துல அட்டெண்டன்ஸ் எடுக்கிறாங்க, மியூசிக் கிடையாது. கதாநாயகி கேட்னிஸோட தங்கச்சி ப்ரிம்முக்கு இதுதான் முதல் வருஷம், வீட்டுலேர்ந்து கிளம்பும்போது அவ சட்டை பின்னாடி பாவாடையிலேர்ந்து வெளிய வந்து தொங்குது, அக்கா அதை உள்ள சொருகி விடுறா. அப்புறம் மைதானத்துல ப்ரிம் பேரைக் கூப்பிடும்போது அந்தச் சின்னப் பொண்ணு மேடையைப் பாத்து நடந்து போறா, போற வழியில தானாவே கையைப் பின்னாடி கொண்டு போய் அந்தச் சட்டையைச் சொருகிக்கிறா. அவ்ளோதான், டயலாக் எதுவும் இல்ல. சாவுக்குப் போகும்போதும் அக்கா சொன்ன ஒழுங்கை விடாத ஒரு குழந்தை. அதுக்கப்புறம் கேட்னிஸ் நான் போறேன்னு கத்திட்டு ஓடி வர்ற இடம் யாருக்குமே சினிமாத்தனமா தெரியாது, வேற எதுவும் பண்ணியிருக்கவே முடியாதுன்னுதான் தோணும். மேடையில இருக்குற கேபிடல்காரி எல்லாரும் கை தட்டுங்கன்னு சொல்றா, ஊர்ல ஒருத்தரும் தட்டல, மூணு விரலை உதட்டுல வெச்சு மேல தூக்கிக் காட்டுறாங்க. அந்த சைகை சினிமாவோட நிக்கல, 2014ல தாய்லாந்துல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்போ அங்க இருந்த மாணவர்கள் எதிர்ப்புக்கு இதையேதான் கையில எடுத்தாங்க, போலீஸ் பிடிச்சுட்டுப் போன சம்பவமும் நடந்துச்சு, 2021ல மியான்மர்லயும் தெருவுல அதே மூணு விரல். டீனேஜ் பசங்களுக்கு எடுத்த ஒரு படம் அவ்ளோ தூரம் போச்சுன்னா அதுல ஏதோ உண்மை இருக்குன்னுதான் அர்த்தம்.

இன்னொண்ணு, பெரியவங்களே கவனிக்காம விட்டுடுற ஒரு விஷயம். கேட்னிஸோட ஃபிரெண்ட் கேல், குலுக்கல்ல தன் பேர் 42 தடவை இருக்குன்னு சொல்வான். போற போக்குல வர்ற ஒரு வரிதான். எதுக்கு 42? கூடுதலா ரேஷன் வேணும்னா கூடுதலா ஒரு சீட்டுல பேரை எழுதிப் போடணும், அதான் சட்டம். அதாவது வீட்ல சாப்பாடு எவ்ளோ கம்மியோ, சாகுறதுக்கு வாய்ப்பு அவ்ளோ ஜாஸ்தி. குலுக்கல்னு பேர், பாக்க எல்லாருக்கும் பொதுவா தெரியும், ஆனா ஏழைப் பசங்க பேர்தான் குடுவையில குவிஞ்சு கிடக்கும். கேட்னிஸ் கிளம்பும்போது தங்கச்சிகிட்ட, எக்ஸ்ட்ரா சாப்பாட்டுக்காகப் பேர் குடுக்காதன்னு சொல்லிட்டுப் போறது இதனாலதான். இந்த இடத்துல படத்தை நிப்பாட்டி பசங்ககிட்ட ஏன்னு கேளுங்க, எட்டாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு அவங்களே சொல்லிடுவாங்க, சொன்னதுக்கப்புறம் அவங்க முகத்துல வர்ற கோபத்தைப் பாருங்க. எந்தப் பாடப் புத்தகமும் அவ்ளோ சுருக்கமா சொல்லிக் குடுக்காது.

அப்புறம் கேபிடல். கலர் கலரா தலைமுடி, பவுடர் பூசின முகம், ட்ரெய்ன் முழுக்க சாப்பாடு, சீசர்னு ஒரு டிவி தொகுப்பாளர், ஸ்டான்லி டூச்சி பண்ணியிருக்கார், நீல முடியும் பளபளா பல்லுமா சாகப் போற பசங்களை உக்கார வெச்சு ஜாலியா பேட்டி எடுப்பார். அவர் கெட்டவர் இல்ல, அதுதான் பயமே, அவர் நிஜமாவே அந்தப் பசங்க மேல பிரியமாதான் பேசுறார், சிரிக்க வைக்கிறார், கண்ணீரைத் துடைக்கிறார், அப்புறம் அவங்களை சாக அனுப்பிட்டு கமெண்ட்ரி குடுக்குறார். ஒரு ராத்திரி டிவி சேனலை மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்தப்போ ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் இராக் போர்க் காட்சி, ரெண்டும் மனசுல கலந்து போனதுலதான் இந்தக் கதை பொறந்துச்சுன்னு சூசன் காலின்ஸ் சொல்லியிருக்காங்க. படத்துலயும் அது அப்படியே தெரியும். நாவல் முழுக்க கேட்னிஸே சொல்ற கதை, அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது, ஆனா டைரக்டர் கேரி ராஸ் படத்துல ஒரு கண்ட்ரோல் ரூமைக் காட்டுறார், வெள்ளைச் சட்டை போட்ட ஆளுங்க மேஜையைச் சுத்தி உக்காந்து, இந்தப் பொண்ணு எல்லையைத் தாண்டப் போகுது ஒரு மரத்தைக் கொளுத்துங்கன்னு ஆபீஸ் வேலை மாதிரி பண்ணிட்டு இருப்பாங்க. என் அண்ணன் பொண்ணு அந்த சீன்ல திரும்பி, சித்தப்பா இவங்களுக்கெல்லாம் வீட்ல குழந்தைங்க இருக்காதான்னு கேட்டா. அந்த ஒரு கேள்வி வந்துச்சுன்னா படம் ஜெயிச்சுடுச்சு. படத்துலயே அதுக்கு ஒரு பதில் இருக்கு, கேபிடல்ல ஒரு பணக்காரக் குடும்பத்துல குட்டிப் பையனுக்கு பொம்மைக் கத்தி பரிசாக் குடுக்குறாங்க, அவன் அதைத் தூக்கிக்கிட்டு தங்கச்சியைத் துரத்தி விளையாடுறான், பழைய போட்டியில ஜெயிச்சு குடிகாரனாப் போன ஹேமிட்ச் தூரத்துலேர்ந்து அதைப் பாத்துக்கிட்டு நிக்கிறார்.

சரி, வன்முறை. அரீனாவுக்குள்ள, அதான் அந்தப் போட்டிக் காட்டுக்குள்ள, போன உடனே முதல் சில நிமிஷத்துல நிறைய பசங்க சாகுறாங்க, அதுதான் எல்லாரும் பயப்படுற இடம். ஆனா எப்படி எடுத்திருக்காங்கன்னு பாருங்க, சத்தத்தைக் கிட்டத்தட்ட அணைச்சுடுறாங்க, கேமரா ஆடிக்கிட்டே இருக்கும், எதையும் முழுசாப் பாக்க விடாது. கேமரா ரொம்ப ஆடுது, தலை சுத்துதுன்னு வந்தப்பவே நிறைய பேர் திட்டினாங்க, பெரிய ஸ்கிரீன்ல எனக்கும் கஷ்டமாதான் இருந்துச்சு, ஆனா ஒரு சாவைக் கூட ரசிக்க விடக்கூடாதுங்கிற முடிவு அதுல இருக்கு. பிரிட்டன்ல 12ஏ, அதாவது பன்னெண்டு வயசுக்குக் கீழன்னா பெரியவங்க கூட வரணும்ங்கிற சர்டிபிகேட் வாங்குறதுக்காக ஏழு செகண்ட் அளவுக்கு ரத்தத் துளியெல்லாம் எடுத்தாங்க, அவ்ளோதான். பயமுறுத்துறது ரத்தம் இல்ல, நம்ம மனசுக்குப் பிடிச்ச ஒருத்தி சாகுறா, அதுதான். ரூன்னு ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணு, மரத்துக்கு மரம் தாவுற பொண்ணு, கேட்னிஸுக்குத் தங்கச்சி மாதிரி ஆயிடுவா, ஈட்டி பட்டு சாவா. கேட்னிஸ் அவளைச் சுத்தி வெள்ளைப் பூவா வெச்சு அலங்கரிச்சுட்டு, கேமரா எங்க இருக்குன்னு தெரிஞ்சு அதைப் பாத்து மூணு விரலைத் தூக்குவா, உடனே ரூவோட ஊர்ல கலவரம் வெடிக்கும். சின்னப் பசங்க இங்க அழுவாங்க, அழட்டும், டிவியை நிப்பாட்ட வேண்டாம். பக்கத்துல நீங்க இருந்தா போதும்.

கேட்னிஸா வர்ற ஜெனிஃபர் லாரன்ஸைப் பத்திச் சொல்லாம முடியாது. அப்போ அவங்களுக்கு இருபது, இருபத்தொண்ணு வயசுதான் இருக்கும், அதுக்கு முன்னாடியே விண்டர்ஸ் போன்ங்கிற படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் வாங்கியாச்சு. அரீனாவுக்கு ஏத்துற குழாய்க்குள்ள நிக்கிறதுக்கு முன்னாடி அவங்க உடம்பு நடுங்கும் பாருங்க, ஹீரோயின் மாதிரி தைரியமா நிக்காம பயத்துல வெளிப்படையா உதறும், பேச்சு வராது. பசங்களுக்குத் தைரியம்னா பயமே இல்லாததுன்னு ஆயிரம் படம் சொல்லிக் குடுத்துருக்கு, பயந்துக்கிட்டே போறதும் தைரியம்தான்னு இந்த ஒரு சீன் சொல்லிடும்.

இப்போ மேஸ் ரன்னர். இதோட பலம் முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுடும். இருட்டு, இரும்புச் சத்தம், ஒரு கூண்டு லிஃப்ட் மேல ஏறிக்கிட்டே இருக்கு, உள்ள ஒரு பையன், அவன் பேரு அவனுக்கே ஞாபகம் இல்ல. மேல கதவு திறந்தா சுத்தி நின்னு சிரிக்கிற பசங்க, பச்சைப் புல்வெளி, நாலு பக்கமும் வானத்தை மறைக்கிற சுவரு. ஹங்கர் கேம்ஸ் மாதிரி பொறுமையா உலகத்தை விளக்குற வேலையெல்லாம் கிடையாது, நேரா உள்ள தள்ளி விட்டுடும். மூணு வருஷமா மாசத்துக்கு ஒரு பையன் அந்த லிஃப்ட்ல வர்றான், கூடவே சாமான்களும் வரும், யார் அனுப்புறாங்கன்னு தெரியாது, சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய மேஸ், வழி தெரியாம சுத்த விடுற புதிர்ப்பாதை, பகல்ல கதவு திறக்கும், சாயங்காலம் மூடிடும், ராத்திரி உள்ள மாட்டினவன் திரும்பி வந்ததே இல்ல, ஏன்னா உள்ள க்ரீவர்னு பாதி உயிரு பாதி இயந்திரமா ஒரு ஐட்டம் சுத்துது. ஓடுறதுக்குன்னே சில பசங்க இருக்காங்க, காலையில கதவு திறந்ததும் ஓடி மேஸோட வரைபடத்தை மனசுல வாங்கிட்டு கதவு மூடுறதுக்குள்ள திரும்பி வரணும். குச்சி குச்சியா வெச்சு அந்த மேஸை மாடலா கட்டி வெச்சிருப்பாங்க, அதைப் பாத்ததும் என் அண்ணன் பையன் சோஃபாவுலேர்ந்து எழுந்து டிவி கிட்டயே போயிட்டான்.

அண்ணன் பையனுக்குப் பதினொரு வயசு, ஹங்கர் கேம்ஸோட முதல் முக்கால் மணி நேரத்துல அவன் ரெண்டு மூணு தடவை போனைத் தேடினான், மேஸ் ரன்னர்ல கண்ணை எடுக்கல. இதை மறைச்சு என்ன ஆகப் போகுது. 113 நிமிஷம்தான், ஹங்கர் கேம்ஸ் 142 நிமிஷம், அந்த அரை மணி நேர வித்தியாசம் சின்னப் பசங்களுக்குப் பெருசு. லவ்வு முத்தம்னு எதுவும் கிடையாது, தாத்தா பாட்டியோட ஹால்ல உக்காந்து பாத்தாலும் யாரும் ரிமோட்டைத் தேட வேண்டாம். ஹங்கர் கேம்ஸ்ல குகைக்குள்ள ஒரு முத்தம் வரும், அதுவும் பாதி கேமராவுக்காகப் பண்றது, டிவில பாக்குற பணக்கார ஸ்பான்சர் யாராவது மருந்து அனுப்பணும்னு, அதை விளக்கிச் சொன்னா பசங்களுக்கு அது வேற ஒரு நல்ல பாடம்தான், ஆனா எல்லா வீட்லயும் அந்தப் பேச்சு எடுபடாது.

டைரக்டர் வெஸ் பாலுக்கு இதுதான் முதல் பெரிய படம், அதுக்கு முன்னாடி ரூயின்னு ஒரு குட்டி அனிமேஷன் படம் பண்ணியிருந்தார், அதைப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டாங்க, சுமார் 34 மில்லியன் டாலர்ல எடுத்து 340 மில்லியனுக்கு மேல வசூல் பண்ணிட்டார், ஹங்கர் கேம்ஸுக்கு ஆன செலவுல பாதி கூட இல்ல, ஆனா அந்தச் சுவரும் கதவு மூடுற சத்தமும் மனசுல நிக்கிற மாதிரி எடுத்திருக்கார். அடிபட்ட ஆல்பி, அந்தப் பசங்களோட தலைவன், அவனை மின்ஹோங்கிற ரன்னர் இழுத்துக்கிட்டு வர்றான், கதவு மூடிட்டே வருது, இவங்க வந்து சேர மாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, கடைசி செகண்ட்ல தாமஸ், முதல்ல லிஃப்ட்ல வந்த அந்தப் பையன், உள்ள பாயுறான் பாருங்க, அந்த இடத்துல வீடே கத்தும். அப்புறம் அந்த ராத்திரி மேஸுக்குள்ள நடக்குறது மொத்தமும் நல்ல திகில் சினிமா.

ஆனா எனக்கு மேஸ் ரன்னர்ல ரொம்பப் பிடிச்சது ஓட்டம் இல்ல, பசங்களே கட்டின அந்தக் குட்டி ஊருதான். பெரியவங்களே இல்லாம தோட்டம் போட்டு, வீடு கட்டி, மூணே மூணு சட்டம் வெச்சுக்கிட்டு வாழ்றாங்க, அவங்கவங்க வேலையைச் செய்யணும், கூட இருக்கிறவனை அடிக்கக் கூடாது, ரன்னர் தவிர யாரும் சுவரைத் தாண்டக் கூடாது. சுவருல எல்லாரும் பேரைச் செதுக்கி வெச்சிருப்பாங்க, செத்தவன் பேரு மேல கோடு. பென்னுன்னு ஒருத்தன் க்ரீவர் கொட்டி புத்தி பேதலிச்சுப் போயிடுவான், அவனால மத்தவங்களுக்கு ஆபத்து, என்ன பண்றது? கதவு மூடுற நேரத்துல நீளக் கழியை வெச்சு கூடவே வாழ்ந்த பசங்களே அவனை மேஸுக்குள்ள தள்ளுவாங்க, அவன் கெஞ்சுவான், தள்ளுறவனும் அழுவான். படத்துலயே கனமான சீன் இதுதான், யாரு சரி யாரு தப்புன்னு பசங்களால லேசுல சொல்ல முடியாது. அப்புறம் கால்லி, வில் போல்டர் பண்ணியிருக்கிற கேரக்டர், தாமஸ் வந்ததுலேர்ந்துதான் எல்லாம் கெட்டுப் போச்சு, இருக்குற இடத்துல பத்திரமா இருப்போம்னு சொல்லிட்டே இருப்பான். அவன் சொல்றதுல நியாயம் இருக்கு, வில்லன்னு ஒதுக்கிட முடியாது. இந்த ஒரு வாதத்தை, பழகின ஜெயிலா தெரியாத வெளியான்னு, படம் இன்னும் கொஞ்சம் நின்னு பேசியிருந்தா நான் இந்தக் கட்டுரையையே வேற மாதிரி எழுதியிருப்பேன். படம் நிக்கல, ஓட ஆரம்பிச்சுடுது.

எனக்குப் பிரச்சனையே அங்கதான். இவங்களை யாரு இங்க அடைச்சாங்க, எதுக்கு, இந்த ரெண்டு கேள்வியை வெச்சு ரெண்டு மணி நேரம் இழுத்துட்டு, கடைசிப் பத்து நிமிஷத்துல ஒரு லேப், ஒரு வீடியோ, சூரிய வெப்பத்துல உலகம் எரிஞ்சது, மூளையைத் தாக்குற ஒரு நோய், அதுக்கு மருந்து கண்டுபிடிக்கத்தான் பசங்களை இப்படி வெச்சோம்னு ஒரு அம்மா வேக வேகமா சொல்லிட்டுப் போயிடுறாங்க. மருந்துக்கும் மேஸுக்கும் என்ன சம்பந்தம், எதுக்கு அந்த இயந்திரப் பூச்சி, எதுக்கு ஞாபகத்தை அழிச்சாங்க, ஒழுங்கான பதில் கிடையாது. ஹெலிகாப்டர் வந்து கூட்டிட்டுப் போகும், ரெண்டாவது கட்டம் ஆரம்பம்னு ஒரு குரல் சொல்லும், படம் முடிஞ்சது. இலை போட்டு சாம்பார் வரைக்கும் பரிமாறிட்டு, ரசத்துக்கு அடுத்த வருஷம் வாங்கன்னு சொன்னா எப்படி இருக்கும், அதேதான். ஹங்கர் கேம்ஸுக்கும் தொடர்ச்சி இருக்கு, ஆனா முதல் படம் தனியாவே முழுசா நிக்கும், போட்டி தொடங்குது, முடியுது, யாரு ஜெயிச்சாங்க, ஜெயிச்சதுக்கு என்ன விலை, எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு. ஒரு சாயங்காலம்தான் கையில இருக்குன்னா இது பெரிய விஷயம்.

வன்முறைன்னு பாத்தாலும் மேஸ் ரன்னர் அப்படி ஒண்ணும் லேசு கிடையாது, இதைத்தான் அட்வைஸ் பண்றவங்க மறந்துடுறாங்க. கடைசிப் பகுதியில ஒரு ராத்திரி கதவு மூடாம க்ரீவர் எல்லாம் ஊருக்குள்ள நுழையும், பசங்களை ஒவ்வொருத்தரா தூக்கிட்டுப் போகும், இருட்டு, அலறல், சின்னப் பசங்களுக்கு ராத்திரி கனவுல வர்றது இந்த மாதிரி சீன்தான். படத்துலயே சின்னவன், கொழுகொழுன்னு இருக்குற சக், அம்மா அப்பா ஞாபகமே இல்லாம அவங்களுக்காக மரத்துல ஒரு பொம்மை செதுக்கி வெச்சிருப்பான், அவன் கடைசியில துப்பாக்கி குண்டு பட்டு சாவான், சுடுறதும் இன்னொரு பையன்தான். ஆக குழந்தைங்க குழந்தைங்களைக் கொல்லுற படம் வேண்டாம்னு மேஸ் ரன்னர் பக்கம் போனீங்கன்னா அங்கயும் அது இருக்கு. என்ன வித்தியாசம்னா, ரூ செத்ததுக்கு ஹங்கர் கேம்ஸ் பூ வைக்குது, துக்கப்படுது, ஒரு ஊரே எழுந்து நிக்குது. சக் செத்த அடுத்த நிமிஷம் ஆளுங்க வந்து தாமஸை இழுத்துட்டு ஓடிடுறாங்க. அழுற பையனுக்கு அழறதுக்குக் கூட நேரம் இல்ல. தாமஸா வர்ற டிலன் ஓ'பிரையன் அந்த இடத்துல பிரமாதமா அழுதிருப்பார், அதுக்காகவாவது படம் கொஞ்சம் நின்னிருக்கலாம்.

வீட்ல பொண்ணுங்க இருந்தா இன்னொண்ணையும் யோசிக்கணும். மேஸ் ரன்னர்ல அந்த ஊருக்கே ஒரே ஒரு பொண்ணுதான் வருவா, தெரேசா, அவளும் படம் பாதி ஆனதுக்கப்புறம் வந்து, கொஞ்சம் கல்லு வீசிட்டு, கொஞ்சம் ஓடிட்டு, தாமஸுக்குக் கொஞ்சம் தகவல் சொல்லிட்டு நிப்பா. அண்ணன் பொண்ணு இதை உடனே கவனிச்சுட்டா. கேட்னிஸ் குடும்பத்துக்கு வேட்டையாடிப் போடுற பொண்ணு, சிரிச்சுப் பேசத் தெரியாத பொண்ணு, அவளை எல்லாருக்கும் பிடிக்கணும்னு படம் அவசரப்படவே இல்ல. அவ ஊர்லேர்ந்தே போட்டிக்குக் கூட வர்ற பையன் பீட்டாவுக்கு வில்லும் வராது, ஓடவும் வராது, கேக் அலங்கரிக்கத் தெரியும், பேசத் தெரியும், மனுஷங்களைப் புரிஞ்சுக்கத் தெரியும், அவனைத்தான் அவ காப்பாத்துறா. சாகுறதா இருந்தாலும் நான் நானாவே சாகணும், அவங்க என்னை மாத்திடக் கூடாதுன்னு போட்டிக்கு முந்தின ராத்திரி பீட்டா சொல்ற வார்த்தையைப் பையன்களும் கேக்கணும், பொண்ணுங்களும் கேக்கணும்.

அதனால எப்படி முடிவு பண்றதுன்னா, பதிமூணு வயசு தாண்டின பசங்கன்னா யோசிக்கவே வேண்டாம், ஹங்கர் கேம்ஸ். பன்னெண்டுன்னா நீங்க பக்கத்துல உக்காருங்க, அரீனா சீனுக்கு முன்னாடி ஒரு இடைவேளை விட்டு இதுவரைக்கும் பாத்ததைப் பேசுங்க, அப்புறம் போடுங்க. பத்து, பதினொண்ணு வயசுப் பசங்க கூட இருக்காங்க, பர்த்டே மாதிரி நாலஞ்சு பிள்ளைங்க சேர்ந்து பாக்குறாங்க, பேசி விளக்கிட்டு இருக்க முடியாதுன்னா மேஸ் ரன்னர் போடுங்க, கத்திக் கூச்சல் போட்டுப் பாப்பாங்க, ஆனா க்ரீவர் ஊருக்குள்ள வர்ற சீன்ல லைட்டைப் போட்டு வைங்க. ரெண்டையும் பாக்குறதா இருந்தா மேஸ் ரன்னரை முதல்ல வைங்க, ஹங்கர் கேம்ஸ் பாத்துட்டு அடுத்து இதைப் பாத்தா சப்புன்னு இருக்கும், இதைப் பாத்துட்டு அதுக்குப் போனா ஒரு படி ஏறின மாதிரி இருக்கும்.

தொடர்ச்சிப் படங்களைப் பத்தியும் கேப்பாங்க. மேஸ் ரன்னரோட ரெண்டாவது பாகம் 2015ல வந்துச்சு, மேஸே இல்லாம பாலைவனமும் நோய் முத்தின மனுஷங்க துரத்துறதுமா வேற படமா மாறிடும், சின்னப் பசங்களுக்கு அது இன்னும் பயம். மூணாவது 2018ல தான் வந்துச்சு, ஷூட்டிங்ல டிலன் ஓ'பிரையனுக்குப் பலமா அடிபட்டதால தள்ளிப் போச்சு. முதல் படத்தோட மர்மத்துக்காக மத்த ரெண்டையும் பாக்கலாம்னு நினைச்சீங்கன்னா பெருசா எதிர்பார்க்க வேண்டாம். ஹங்கர் கேம்ஸ்ல ரெண்டாவது பாகம் கேட்சிங் ஃபயர், 2013, முதல் படத்தை விடவே நல்லா இருக்கும், பிரான்சிஸ் லாரன்ஸ் டைரக்ஷன், கேமராவும் ஆடாது, அதைத் தாராளமா அடுத்த வாரமே போடலாம். அதுக்கப்புறம் வர்ற மாக்கிங்ஜே ரெண்டு பாகமும் முழுக்கப் போர்ப்படம், ஆஸ்பத்திரி மேல குண்டு விழும், கடைசிப் பாகத்துல குழந்தைங்க மேலயே விழும், அந்த ரெண்டையும் பதினஞ்சு வயசு வரைக்கும் தள்ளி வைங்க.